நாலு வருஷம் பழைய கிரேக்க ஃபான்ட்டோட: அந்த ஒரு சாய்கோடு

போன வாரம் நண்பன் ஒருத்தன் புதிய ஏற்பாட்டு கிரேக்கத்துக்கு நோட்ஸ் போடணும், எந்த ஃபான்ட் நல்லதுன்னு கேட்டான். ஸீலாடெக், பாலிக்ளாசியான்னு பல மொழியில பக்கம் அமைக்கற மென்பொருள் எல்லாம் அவனுக்கே அத்துப்படி, அதை விடுங்க.

நான் நாலு வருஷமா கிரேக்க ஃபான்ட் சொசைட்டியோட (ஜிஎஃப்எஸ்) டிடோ ஃபான்ட் தான். ஒமேகாங்கற எழுத்து மேல மூச்சுக்குறி ('ஹ' ஒலி உண்டா இல்லையான்னு காட்டறது), அதுக்கும் மேல வளைஞ்ச அழுத்தக்குறி, அடியில குட்டியா அயோட்டான்னு இன்னொரு எழுத்து, இத்தனையும் ஒரே எழுத்துல வந்தாலும் ஒண்ணோட ஒண்ணு முட்டாம நிக்குது. அச்சாகி வந்த பக்கத்தைப் பாத்தா மனசு நெறைஞ்சுடும். மேற்கோளுக்கு மட்டும் ஜிஎஃப்எஸ் போர்சன், 1808ல இறந்த இங்கிலாந்து கிரேக்க அறிஞர் ரிச்சர்ட் போர்சனோட கையெழுத்துல இருந்து வந்த வடிவம், அதுவும் கொள்ளை அழகு.

ஆனா ஆல்ஃபா மேல போடற அந்த சாய்கோடு இருக்கே, அதை நினைச்சா இன்னிக்கும் கோவம் வருது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கற யூனிகோட்ல அதுக்கு ரெண்டு இடம். 1982ல கிரீஸ்ல பல அழுத்தக்குறிக்கு பதிலா ஒரே குறி போதும்னு மாத்தினாங்களே, தோனோஸ்ங்கற அந்தக் குறி போட்ட ஆல்ஃபாவோட எண் 03ஏசி. பழைய கிரேக்கத்துக்கான பகுதியில ஒக்ஸியாங்கற பழைய சாய்கோடு போட்ட ஆல்ஃபா 1எஃப்71. ரெண்டும் ஒண்ணுதான்னு யூனிகோடே சொல்லுது, ஆனா சில ஃபான்ட்ல ரெண்டையும் வேற வேற சாய்வுல வரைஞ்சிருக்காங்க. டிடோவுக்கு முன்னாடி நான் வச்சிருந்த ஃபான்ட் அப்படித்தான், ஒரே வரியில ஒரு கோடு நிமிந்து நிக்குது இன்னொண்ணு படுத்துக் கிடக்குது, நான் கண்ணுல தான் கோளாறுன்னு நினைச்சேன். அப்புறம் எண் வேற வேறங்கறதால இண்டெக்ஸ்ல 'லோகோஸ்' ரெண்டு தடவை வந்துச்சு, தேடினா பாதி தான் சிக்குது. ரெண்டு ராத்திரி போச்சு. நியாயமா சொன்னா ஃபான்ட் மேல மட்டும் தப்பில்ல, பாதி டெக்ஸ்ட் காப்பி பண்ணது, மீதி நான் அடிச்சது. பைத்தான் நிரல்மொழியில யூனிகோட்டேட்டாங்கற கருவி வச்சு மொத்தத்தையும் என்எஃப்சிக்கு, அதாவது ஒரே எழுத்துக்கு ஒரே எண்ங்கற வடிவத்துக்கு மாத்தினேன், ரெண்டே வரி வேலை. இதை ஆரம்பத்துலயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

டிடோ அளவுக்கு அழகு எதுவும் இல்ல, சத்தியமா. இருந்தும் நண்பனை ஜெண்டியம்ங்கற ஃபான்ட் போடுன்னு தான் சொன்னேன். இங்கிலீஷும் கிரேக்கமும் மாறி மாறி வர்ற நோட்ஸ், ஒரே ஃபான்ட்ல ரெண்டும் ஓடிடும், எனக்கும் இப்ப அழகை விட நிம்மதி தான் வேணும் போல. அவன்கிட்ட இருக்கற பழைய நோட்ஸ் யூனிகோடே இல்லையாம், நம்ம பழைய தமிழ் ஃபான்ட் பாமினி மாதிரி இங்கிலீஷ் எழுத்து மேல கிரேக்க வடிவத்தை மாட்டின ஃபான்ட், ஃபான்ட்டை எடுத்தா வெறும் கிறுக்கல். அந்த ஃபைலை மொதல்ல எனக்கு அனுப்பு, மாத்திட்டு தரேன், அதுவரைக்கும் ஒரு பக்கம்கூட அடிக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன்.