ரெண்டு பேர், ஒரு பைபர் வள்ளம், ஆறு வருஷம்

என் மனைவி உவரிக்காரி. நடை பழகியதே கடற்கரை மணலில். நான் பாளையங்கோட்டை. தாமிரபரணியில் முங்கிக் குளித்ததோடு என் தண்ணீர் அனுபவம் முடிந்தது. ஓய்வு பெற்றதும், 2019-இல், பழைய பதினெட்டடி பைபர் வள்ளம் ஒன்றும் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் வாங்கினோம். மீன்பிடிக்க இல்லை, கரையோரமாகச் சுற்றிவரத்தான். ஊரில் சிரித்தார்கள்.

விசாரிப்பவர்கள் எல்லாரும் பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்றே கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, ரெண்டே பேரால் அதை இறக்கி ஏற்ற முடியுமா என்பதுதான். உவரியில் எங்களால் முடியவில்லை. மணலில் தள்ளி, அலை விழும் இடைவெளி பார்த்து இறக்க ஏழெட்டுப் பேர் வேண்டும். விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வந்த மச்சினன், "அத்தான், நாளைக்குமா?" என்று கேட்டபோதே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வருஷத்தில் வள்ளத்தைப் புன்னைக்காயலுக்குக் கொண்டுபோய்விட்டோம். அங்கே தாமிரபரணி முகத்துவாரம். ஆற்றுக்குள்ளேயே கட்டிப்போடலாம், கயிற்றை அவிழ்த்தால் புறப்பாடு. 1986-இல் அது தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் எங்கள் கணக்கில் எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான்.

பாதி நாள் கடலுக்கே போவதில்லை. அலையாத்திச் செடிகளுக்கு இடையில் மெதுவாகப் போய், எஞ்சினை அணைத்துவிட்டுக் கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்புவோம். மாசி, பங்குனியில் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தால் மட்டும் மணப்பாடு வரை. சுமார் முப்பது கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம், எங்கள் கைக்குப் பத்து லிட்டர். திருச்செந்தூர்க் கோபுரம் முதலில் முன்னால் வரும், அப்புறம் பக்கத்தில், அப்புறம் வெகுநேரம் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும். ஒருமுறை ஆலந்தலை தாண்டி ஏழெட்டு ஓங்கல், அதாவது டால்பின்கள், கூடவே வந்தன. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வள்ளம் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

முகத்துவாரம்தான் உண்மையான பரீட்சை. நீர் வற்றும் நேரத்தில் ஆறு வெளியே தள்ளும், காற்று அலையை உள்ளே தள்ளும். முட்டுகிற இடத்தில் அலை செங்குத்தாக நிமிரும். ஒரு பனையையும் ஒரு கட்டடத்தையும் நேராக வைத்து வழி பிடிப்போம். கணியம் என்பாள் அவள். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழைக்குப் பின் வந்த வெள்ளத்தில், மணல்திட்டு இடம் மாறியிருந்தது. பழைய கணியத்தை நம்பிப் போய் மாட்டினோம். நான் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் எஞ்சின் பிடித்திருந்தவள் வள்ளத்தின் விளிம்பை மூன்று தடவை தட்டினாள். எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. மூன்று தட்டு என்றால் நிறுத்து என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து குழாய் மாதிரிப் பீச்ச வேண்டிய தண்ணீர் நின்றிருந்தது. அணைத்து, நங்கூரம் போட்டு, கம்பால் ஊன்றிக் கரைசேர ஒரு மணி நேரம். கழற்றினால், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்களில் ரெண்டு இல்லை, உள்ளே மணல். அவள் கவனிக்காமல் இருந்திருந்தால் பிஸ்டனே பிடித்திருக்கும். இப்போது வருஷத்துக்கு ஒரு இம்பெல்லர், கெட்டாலும் கெடாவிட்டாலும்.

வீண் செலவு, மேலே போட்ட துணிக்கூரை. காற்று வந்தால் அதுவே பாயாகி வள்ளத்தை இழுத்தது. ரெண்டே மாதத்தில் கழற்றியாயிற்று. பனையோலைத் தொப்பி போதும்.

எஞ்சின் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் ஆயில் என்ற கலவை பிசகாமல் பார்க்கிறேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் பத்து நிமிஷம் ஓடவிடுகிறேன். புன்னைக்காயலில் அந்த நல்ல தண்ணீரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கேன்களை ஊரிலிருந்தே காரில் ஏற்றிப் போகிறோம்.

அடுத்த வாரம் கியர் ஆயில் மாற்ற வேண்டும். போன தடவை லேசாகப் பால் நிறம் தட்டியிருந்தது, எங்கோ சீல் கசிகிறது. "நீங்க கழத்தாதீங்க, தம்பி வரட்டும்" என்று சொல்லிவைத்திருக்கிறாள்.