பழைய படத்தைப் புதுப்பித்தல்: யாழ். நகர ஸ்ரூடியோ ஒன்றின் சேவை பற்றி

யாழ். நகரில் பழைய ஒளிப்படங்களைப் புதுப்பித்துத் தரும் ஸ்ரூடியோ ஒன்றில் எங்கள் அம்மம்மாவின் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கி எடுத்தோம். 1995 இடப்பெயர்வில் தகரப் பெட்டிக்குள் மடிந்து, ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்து, நடுவே குறுக்காக வெடித்துப்போன கறுப்பு வெள்ளைப் படம் அது. அவருடையதென்று குடும்பத்தில் எஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். அந்த ஸ்ரூடியோவின் வேலையில் மெச்சத்தக்கது நிறைய உண்டு. ஆனால் முகத்தைக் கையாளும் முறையை அவர்கள் மாற்றியே ஆக வேண்டும். கல்வெட்டு எனும் நினைவு மலருக்கும் திவசத்துக்கும் அங்கே படம் கொடுக்கும் பலரிடம் இறந்தவரின் முகம் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

பின்னணியை மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். வெடிப்பு ஓடிய விறாந்தைச் சுவரை மென்பொருள் புதிதாகவே நிரப்பியிருக்கிறது. அசலில் அழிந்துபோன கதிரைக் காலை மற்றக் காலைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே வளர்ந்த அம்மாவும் பெரியம்மாவும் எதையும் வேற்றாக உணரவில்லை. இதற்குக் காரணம் உண்டு. இடங்களைப் பார்க்கையில் மூளையின் அடிப்பகுதியில், நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய ஒரு பகுதி வலுவாக இயங்குவதை மூளை ஆய்வாளர்களான ரசல் எப்ஸ்டைனும் நான்சி கன்விஷரும் 1998 இல் காட்டினர். தளபாடம் நிறைந்த அறைக்கும் வெறும் அறைக்கும் அப்பகுதி ஏறக்குறைய ஒரே அளவில் துலங்கியது. சுவர் எங்கே திரும்புகிறது, தரை எவ்வளவு தூரம் விரிகிறது என்ற அமைப்பே அதற்கு முக்கியம். பொருள்களின் வடிவத்தை இனங்காண்பதில் பிடரிப் பக்கத்து வெளிப்புறத்திலுள்ள வேறொரு பகுதி பங்குகொள்கிறது. கதிரை கதிரையாகத் தெரிந்தால், அதன் கால் ஒரு நூல் தடித்திருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

முகத்தில் அந்த ஒரு நூல் வித்தியாசமே ஆளை மாற்றிவிடுகிறது. முதலில் தந்த பிரதியில் முகத்தையும் அதே மென்பொருளால் தானாகத் துலக்கியிருந்தார்கள். தோல் வழுவழுப்பாகவும் இமைமயிர்கள் தனித்தனியாகவும் தெரிந்தன. “வடிவாத்தான் கிடக்கு, ஆனா இது அம்மா இல்லை” என்றார் பெரியம்மா. பிழை எங்கே என்று அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை, அது இயல்பே. கண், மூக்கு, வாய் என்று பிரித்துப் பார்த்து நாம் முகத்தை அறிவதில்லை. அவற்றின் இடைவெளிகளும் நிழல்களும் ஒன்றாய்ச் சேர்ந்த முழுமையாகவே அறிகிறோம். முகங்களுக்கென்றே கூடுதலாகத் துலங்கும் ஒரு பகுதி, பெரும்பாலும் மூளையின் வலப்பக்க அடியில், இருப்பதை கன்விஷர், மக்டெர்மொட், சன் ஆகியோர் 1997 இல் எம்.ஆர்.ஐ. மூலம் காட்டினர். அப்பகுதியைச் சூழப் பாதிப்புற்ற சிலர், கதிரையையும் வீட்டையும் சரியாகச் சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளையின் முகத்தை அறியாமல் குரல் கேட்டபின்பே அறிகிறார்கள். மறுபுறம், பொருள்களை இனங்காண முடியாமற்போன பின்னும் முகங்களைச் செவ்வனே இனங்கண்ட ஒரு நோயாளியைப் பற்றி மொஸ்கோவிச் குழுவினர் அதே 1997 இல் எழுதினர்.

அசலையும் பிரதியையும் அருகருகே வைத்து உருப்பெருக்கியால் பார்த்தபோது இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. அம்மம்மாவின் அடர்ந்த புருவங்கள் மெலிந்து வில்லாக வளைந்திருந்தன. கண்குழிகளின் இருட்டு வெளுக்கப்பட்டிருந்தது. இரண்டுமே சிறியவை போலத் தோன்றும். ஆனால் பிரபலமானவர்களின் படங்களை வைத்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், கண்களை அழித்த படங்களைவிடப் புருவங்களை அழித்த படங்களையே இனங்காணப் பார்வையாளர் கூடுதலாகத் தடுமாறினர். நிழலின் பங்கை அறியப் பழைய நெகற்றிவ் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே போதும்: கிணறும் வேலியும் உடனே தெரியும், நிற்பவர் யார் என்பது தெரியாது. அப்படிப்பட்ட நெகற்றிவ் முகத்தில் கண்களைச் சுற்றிய பகுதியை மட்டும் இயல்பான ஒளிநிழலுக்கு மாற்றினால் இனங்காணல் பெருமளவு மீள்கிறது என்று பவன் சின்ஹாவும் சகாக்களும் 2009 இல் காட்டினர். கண்ணைச் சுற்றிய இருட்டு, துடைத்தெடுக்க வேண்டிய அழுக்கு அல்ல.

ஸ்ரூடியோவில் கணினியில் வேலை செய்யும் தம்பி கெட்டிக்காரர், பொறுமைசாலி. கீறல்களை அழிக்கும்போது அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்கிறார். கீறலுக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் முகத்தின் பிழை அந்த நிலையில் கண்ணில் படாது. தலைகீழாக்கினால் வீடுகளைவிட முகங்களை இனங்காண்பதே மிகவும் கடினமாகிறது என்று ரொபர்ட் யின் 1969 இலேயே காட்டிவிட்டார். நிமிர்த்தி வைத்துப் பார்த்தாலும், அவர் எங்கள் அம்மம்மாவை ஒருநாளும் கண்டதில்லை. அறியாத முகத்தின் இரு படங்கள் ஒரே ஆளுடையவையா என்று சொல்வதிலேயே மனிதர் அடிக்கடி தவறுகிறார்கள். பழகிய முகத்தையோ மிக மங்கலான படத்திலும் அறிந்துவிடுகிறார்கள். ஆகவே மங்கல் இங்கே பெரிய குறையே அல்ல. மங்கலை நீக்குவதாகச் சொல்லி இல்லாத நுணுக்கத்தைப் புகுத்துவதுதான் கேடு.

இரண்டாம் முறை பெரியம்மாவை அருகில் இருத்தி, முகத்தில் மென்பொருளை நிறுத்திவிட்டு, பூஞ்சணப் புள்ளிகளை மட்டும் கையால் அகற்றச் சொன்னோம். மணிமணியான கரடு முகத்தில் அப்படியே இருக்கிறது, அம்மம்மாவும் இருக்கிறார். இதற்குக் கூலி ஏறக்குறைய இரு மடங்கானது. அது நியாயமானதே, ஆனால் இப்படியும் ஒரு வழி உண்டென்று அவர்களாகவே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அச்சிடுமுன் உறவினர் ஒருவரை அழைத்து, தொங்கவிடப்போகும் அளவிலேயே முகத்தைக் காட்டும் வழக்கத்தையும் அவர்கள் தொடங்க வேண்டும்.

கலியாணவீட்டுக் கூட்டப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கக் கேட்போருக்கு ஒரு சொல்: அசலில் முகம் எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கு மென்பொருள் தன் பாட்டில் முகத்தை வரைந்துவிடும். அத்தகைய படத்தை அசல் அளவிலேயே துப்புரவாக்கி எடுப்பது நல்லது. அந்த வேலையை இந்த ஸ்ரூடியோ மலிவாகவும் சுத்தமாகவும் செய்து தருகிறது.