5 மீட்டர் ஆக்டிவ் யூஎஸ்பி கேபிள்: விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?

ஓடிக்கொண்டிருக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. சீலிங்கில் கேமரா, மேசைக்கடியில் கம்ப்யூட்டர், நடுவே 5 ஜிகாபிட் வேகத்தில் இந்தக் கேபிள். நாள் முழுக்க ஒரு ஃபிரேம்கூட விழுவதில்லை. இந்த வேகத்துக்குச் சாதா கேபிள் சுமார் 3 மீட்டர் வரைதான் தாங்கும். 10 ஜிகாபிட் என்றால் 1 மீட்டர்.

கடுப்பேற்றுவது வேறு. கம்ப்யூட்டர் ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் சில நேரம் சத்தமே இல்லாமல் 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. கேமரா படம் திக்கும். எஸ்எஸ்டி மாட்டியிருந்தால் காப்பி நொடிக்கு 40 மெகாபைட்டிலேயே நொண்டும். லினக்ஸில் lsusb -t என்ற கட்டளையைக் கொடுங்கள்: 5000 இருக்க வேண்டிய இடத்தில் 480 நிற்கும்.

ஆக்டிவ் கேபிளுக்குள் சிக்னலைத் தூக்கிவிடும் சிப் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் ரீடிரைவர். அது கவனிப்பது அதிவேக ஒயர் ஜோடிகளை மட்டும். 480 மெகாபிட் ஓடும் பழைய யூஎஸ்பி 2.0 ஜோடி சிப்பைத் தொடாமல் தனியாகப் போகிறது. யூஎஸ்பி இணைப்பு தூங்கும்போது சிப்பும் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அணைந்துகொள்ளும். எழுப்ப வரும் 10–50 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை அது கண்டுகொண்டு மறுபக்கம் கடத்த வேண்டும். அங்கே பிசகினால் அதிவேக லிங்க் உருவாகாது, சாதனம் பழைய ஜோடியிலேயே உட்கார்ந்துவிடும்.

விண்டோஸில், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்தால் பெரும்பாலும் அடங்குகிறது. டைப்-ஏ பிளக்கை ஒரே அழுத்தாக வேகமாகச் செருகுங்கள்; மெதுவாகத் தள்ளினால் 2.0 பின்கள் முந்திக்கொள்ளும். கேபினெட்டின் முன்பக்க போர்ட் வேண்டாம். உள்ளே ஓடும் ஒயர் தன் பங்குக்குச் சிக்னலைத் தின்றுவிடும், மதர்போர்டின் பின்பக்கமே நல்லது.

கூடுதல் எக்ஸ்டென்ஷனும் ஒட்டாதீர்கள். இந்தக் கேபிளில் ஈக்வலைசர் அளவு, அதாவது தேய்ந்த சிக்னலை எவ்வளவு தூக்குவது என்பது, தொழிற்சாலையிலேயே நிறுத்தப்பட்டது. ரீடிரைவர் அனலாக் சரக்கு: தேய்ந்த உயர் அதிர்வெண்ணைத் தூக்கிவிடும்போது இரைச்சலையும் சேர்த்தே தூக்கும், சிக்னலின் நேரத் தடுமாற்றத்தை (ஜிட்டர்) முழுதாகச் சரிசெய்யாது. அதற்குச் சிக்னலைப் படித்துப் புதிதாக அனுப்பும் ரீடைமர் சிப் வேண்டும். ரீடிரைவர் வைத்துச் சொந்தமாகச் சர்க்யூட் போர்டு அடிப்பவர்கள் ஈக்வலைசரைக் குறைந்த படியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுவது நல்லது. சிப்புக்கு முன்னால் உள்ள இழப்புக்குத்தான் அந்த அளவு. அதிகமாக வைத்தாலும் எரர் வரும்.

பவர் ஒயரின் கேஜையும் கேட்டு வாங்குங்கள்; எண் கூடினால் ஒயர் மெலிது. 28 கேஜில் 5 மீட்டர் போய்வர 2 ஓம்ஸுக்கு மேல். 900 மில்லிஆம்பியர் இழுத்தால் போர்ட் தரும் 5 வோல்ட்டில் 1.9 வோல்ட் காலி. மறுமுனையில் 3.1 வோல்ட்டில் எந்த கேமரா எழும்? 22 கேஜில் இறக்கம் அரை வோல்ட்தான்.

இவ்வளவு நன்றாக ஓடியும், இன்னொன்று வாங்கச் சொல்ல மனம் வரவில்லை, பாதி விலைக்குக் கொடுத்தாலும். 3 மீட்டர் சாதா கேபிள், தனி அடாப்டர் வைத்த 3.0 ஹப், அதன்பின் 2 மீட்டர் கேபிள் என்று போடுங்கள். ஹப் அதிவேக ஜோடிகள், பழைய ஜோடி இரண்டின் சிக்னலையும் வாங்கிப் புதிதாக அனுப்புகிறது, கரண்டும் அங்கிருந்தே கிடைத்துவிடும்.