களை மிஷின்: பெட்ரோலா, டீசலா? கிளம்பாதபோது தெரியும் வித்தியாசம்

பவர் வீடர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது குதிரைத்திறனையும் விலையையும்தான். மழை ஓய்ந்து மண் பதமாக இருக்கும் நாலைந்து நாளில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போகும்போதுதான் வேறொரு கேள்வி முன்னால் வருகிறது: எந்த எஞ்சினின் கோளாறை வரப்பிலேயே உட்கார்ந்து நாமே சரிசெய்ய முடியும்?

பெட்ரோல் எஞ்சின் சும்மா கிடந்தால் கெடும். திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் ஐப்பசி முதல் தை வரை ஓடிவிட்டு, மீதி மாதமெல்லாம் கொட்டகையில் நிற்கிற மிஷின்களுக்கு இதுதான் பெரிய வினை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலோ ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். அது முதலில் அடைப்பது, பெட்ரோல் பாயும் பித்தளை ஜெட்டின் நுண்துளையைத்தான்.

கண்டுபிடிப்பது எளிது. பத்துத் தடவை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து பிளக் மூழ்கியிருக்கிறது, அல்லது பிளக்கில் நெருப்புப் பொறி இல்லை. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கவேண்டும். காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் மட்டும் ஓடி, திறந்ததும் நின்றால் ஜெட் அடைப்பு என்று பெரும்பாலும் நம்பலாம். பெட்ரோல் வரும் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடி போல்ட்டைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊதுங்கள். துளையில் ஊசி விடவே கூடாது. பித்தளை அகன்றால் அதன்பின் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். துளையைக் குத்திவிட வயரின் ஒற்றைச் செம்புக் கம்பி இழை போதும்.

பதினைந்து நிமிடம் ஓடி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்தால் மறுபடி ஓடுகிறது என்றால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆயில் அளவு கூடி பெட்ரோல் வாடை வந்தால், கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி ஒழுகுகிறது. ஊசியைச் சரிசெய்து ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் சென்சார் உள்ள எஞ்சினில் ஆயில் குறைந்தாலோ, சரிவில் சாய்ந்து நின்றாலோ பிளக்கில் நெருப்பே வராது. இது தெரியாமல் பிளக்குக்கு நெருப்பு தரும் காயிலை மாற்றுகிறவர்கள் நிறைய.

டீசல் நேர்மாறு. மாதக்கணக்கில் நின்றாலும் பெரும்பாலும் கிளம்பிவிடும். டேங்க்கை ஒரு தடவை வற்றவிட்டால்தான் வம்பு. பைப்பில் காற்று புகுந்து டீசலை மறிக்கும்; இதுதான் ஏர்லாக். வெறும் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப்புக்கு வரும் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள். அடுத்து, டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்கத்து நட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதும் வைத்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரை அழுத்திக்கொண்டு கயிற்றை மெல்ல இழுங்கள். டீசல் கசிந்ததும் இறுக்கி, மீண்டும் இழுத்தால் நாசிலில் ‘கிரீக்’ என்று சத்தம் கேட்கும். அங்கே முகத்தையோ கையையோ கொண்டுபோகாதீர்கள். சுமார் 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைக்கும்.

அந்தச் சத்தம் இல்லையென்றால் பம்ப்போ நாசிலோ பழுது. அதைப் பம்ப் கடையில்தான் கொடுக்கவேண்டும். வயலில் பிரித்தால் தூசியே அதைக் கெடுத்துவிடும். சத்தம் வந்து, வெள்ளைப் புகையும் வந்து, எஞ்சின் பிடிக்காமல் இருந்தால் பெரும்பாலும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விசை, குறைவு.

இந்தக் கம்ப்ரஷன் விஷயம் ராதாபுரம், பணகுடிப் பக்கத்தில் முக்கியம். ஆனி, ஆடிக் காற்றில் செம்மண் தூசி ஏர் ஃபில்டரைத் தாண்டினால் ரிங்கும் சிலிண்டரும் தேயும். தேய்ந்த பெட்ரோல் எஞ்சின் எப்படியாவது கிளம்பும். டீசலுக்கு நெருப்பே கம்ப்ரஷனில்தான் பிறக்கிறது. கையால் இழுத்துக் கிளப்பவே முடியாமல் போகும். அங்கே முருங்கைத் தோப்புக்கு நான் பெட்ரோலையே சொல்வேன். ஸ்பாஞ்ச் ஃபில்டரானால் ஒவ்வொரு நாளும் சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, கொஞ்சம் ஆயில் தொட்டுப் பிழிந்து மாட்டவேண்டும்.

களக்காடு, சேரன்மகாதேவி வாழைக்கு வாரம் தவறாமல் வேலை உண்டு. மண்ணும் கனம். அங்கே டீசலே தோது. டேங்க் கால்வாசிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. மானாவாரிக்காரருக்குப் பெட்ரோல், ஒரு நிபந்தனையோடு: கடைசி நாள் டேங்க்கை வடித்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திறந்து மிச்சத்தையும் வடிக்கவேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் டீசல் வாங்குவதே நல்லது, விலை கூடினாலும்.

டீசல் எடுக்கிறவர் வாங்கும் அன்றே பைப் போல்ட்டுக்கான செம்பு வாஷர் நாலைந்து கேட்டு வாங்குங்கள். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் அந்த இடத்திலேயே மறுபடி காற்று இழுக்கும்.