காரில் உள்சுழற்சியா, வெளிக்காற்றா: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஏசி பேனலில் ஒரு காரின் படமும் அதற்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறியும் போட்ட பட்டன் இருக்கும். அதுதான் உள்சுழற்சி பட்டன். நிறைய கார்களில் அதன் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. உள்சுழற்சியில் வைத்தால்தான் ஏசி குளிரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதிதான் சரி. ஒரு தடவை அழுத்திவிட்டு மறந்துபோக வேண்டிய பட்டன் இல்லை அது. ஒரே பயணத்தில் பல முறை மாற்ற வேண்டியது. பல வகைக் கார்களை எல்லாப் பருவத்திலும் ஓட்டிப் பார்த்தபின் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் இது.

பட்டனை அழுத்தினால் காற்றை ஊதும் விசிறியான ப்ளோயருக்கு முன்னால் இருக்கும் ஒரு மடல் திரும்புகிறது, அவ்வளவுதான். வெளிக்காற்று நிலையில் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்கார்ந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது. உள்சுழற்சியில் கிளவ் பாக்ஸுக்கு அடியிலிருந்து காருக்குள் இருக்கும் காற்றையே ப்ளோயர் இழுக்கிறது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருந்தால் பெரும்பாலும் இரண்டு காற்றும் அதன் வழியாகத்தான் போகும். பானெட்டைத் திறந்து வெளிப்பக்கமாகக் கழற்றும் ஃபில்டர் என்றால் அது பெரும்பாலும் வெளிக்காற்றை மட்டுமே வடிகட்டும். உங்கள் காரில் எது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே புகை, தூசி பற்றிச் சொல்வதெல்லாம் அதைப் பொறுத்தது.

குளிர்ச்சி

வெயிலில் பூட்டி நின்ற காருக்குள் காற்று 55, 60 டிகிரி வரை ஏறும். வெளியே 38தான் இருக்கும். ஏறி உட்கார்ந்ததுமே உள்சுழற்சியைப் போட்டால் அந்த 60 டிகிரி காற்றைத்தான் ஏசி குளிர்விக்கப் போராடும். முதலில் கண்ணாடிகளை இறக்கி, ப்ளோயரைக் கூட்டி, வெளிக்காற்றில் ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். சூடு வெளியே போனதும் கண்ணாடியை ஏற்றி உள்சுழற்சிக்கு மாற்றுங்கள். உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும்வரை வெளிக்காற்று, உள்ளே குளிர்ந்துவிட்டால் உள்சுழற்சி. சில கார்களில் 'அதிகபட்சக் குளிர்' பட்டன் உண்டு. அது உள்சுழற்சியைத் தானே போட்டுவிடும் என்பதால் இந்த முதல் இரண்டு நிமிடத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

உள்சுழற்சியில் நன்றாகக் குளிர்வதற்குக் காரணம் வெப்பம் மட்டுமல்ல, ஈரமும்தான். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கிலோ வெளிக்காற்றை 8 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 65 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் ஈரத்தைத் தண்ணீராக்கவே செலவாகிறது. ஏற்கெனவே 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமுமாக உள்ளே இருக்கும் காற்றுக்கு 25 கிலோஜூல் போதும். அதனால்தான் சிக்னலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது வெளிக்காற்று திறந்திருந்தால் வென்ட்டில் குளிர் சட்டென்று குறைகிறது. ஏசி பழுதாகிவிட்டது என்று கேஸ் நிரப்பப் போவதற்கு முன் மடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வெளியே வறண்ட, மிதமான வானிலை என்றால் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. மாலையில், அதிகாலையில் உள்சுழற்சியால் பெரிய லாபம் கிடையாது. மின்சாரக் காரில் இந்தச் சுமை நேராக பேட்டரியிலிருந்து போவதால், கடும் வெயிலில் உள்சுழற்சியின் பலனை ரேஞ்சிலேயே, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்திலேயே, பார்க்கலாம்.

தலைபாரம், கொட்டாவி

அதிகம் பேர் கவனிக்காத இடம் இதுதான், ஆபத்தும் இங்கேதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். சாதாரணக் காரின் உள்ளளவு ஏறக்குறைய 3 கன மீட்டர், அதாவது 3,000 லிட்டர். நான்கு பேர் இருந்து காற்று துளியும் கசியாவிட்டால் அதன் அளவு நிமிடத்துக்கு 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) ஏறும். திறந்தவெளியில் இருப்பதே 420 பிபிஎம்தான். கதவு ரப்பர் இடுக்குகளில் கசிவு இருப்பதால் நிஜத்தில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் கையடக்க மீட்டரை டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தால், நான்கு பேருடன் உள்சுழற்சியில் அரை மணிக்குள் 3,000ஐத் தாண்டுவது சாதாரணம். வேலையிடங்களில் எட்டு மணி நேரச் சராசரிக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு 5,000. ஆக்சிஜன் தீர்ந்துபோகும் என்று பயப்பட வேண்டாம், அது அரை சதவீதம்கூடக் குறைந்திருக்காது. பிரச்சினை கார்பன் டை ஆக்சைடும், அதோடு சேரும் ஈரமும் புழுக்கமும்தான். நெடுந்தூரப் பயணத்தில் பின்சீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கண் அயர்வதற்கும் ஓட்டுபவருக்குக் கொட்டாவி வருவதற்கும் களைப்பை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

தீர்வு சுலபம். வெளிக்காற்று நிலையில் ப்ளோயர் நடுத்தர வேகத்தில் மணிக்கு 150 கன மீட்டர் காற்று தந்தால், காரின் காற்று முழுவதும் ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். மூன்று தடவை மாறினால் பழைய காற்றில் 5 சதவீதம்தான் மிஞ்சும். ஆகவே நான்கு நிமிடம் போதும். நான்கு பேர் இருந்தால் கால் மணிக்கு ஒரு முறை, தனியாக ஓட்டினால் அரை மணிக்கு ஒரு முறை நான்கு நிமிடம் வெளிக்காற்று கொடுங்கள். உள்ளே கொஞ்சம் சூடு ஏறும், மறுபடி மாற்றியதும் இறங்கிவிடும்.

இரவில் நெடுஞ்சாலையில் இந்தக் கணக்கே வேண்டாம், முழு நேரமும் வெளிக்காற்றில் விட்டுவிடுங்கள். அப்போதும் ப்ளோயரைக் கடைசிக் குறைந்த வேகத்தில் வைக்காதீர்கள். நான்கு பேருக்கு 150 கன மீட்டர் காற்று வந்தால் அளவு 900 பிபிஎம் அருகில் நிற்கும். அதுவே 60 கன மீட்டராகக் குறைந்தால் 1,600ஐத் தொடும். ஒருவருக்குச் சளி, இருமல் இருந்தாலும் வெளிக்காற்றே சரி.

கண்ணாடியில் மூட்டம்

நான்கு பேரின் மூச்சும் வியர்வையும் மணிக்குச் சுமார் 200 கிராம் நீரைக் காற்றில் சேர்க்கின்றன. ஏசியை அணைத்துவிட்டு உள்சுழற்சியில் ஓட்டினால் அது முழுக்க உள்ளேயே சுற்றிக் குளிர்ந்த கண்ணாடியில் படியும். இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. மூட்டம் போட்டால் மடலை வெளிக்காற்றுக்கு மாற்றி, ஏசி கம்ப்ரசரை ஓட விட்டு, வெப்பநிலையை மிதமான சூட்டுக்குக் கூட்டி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி ப்ளோயரை உயர்த்துங்கள். ஏசியின் கூலிங் காயில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஹீட்டர் அந்த வறண்ட காற்றைச் சூடாக்கும், சூடான வறண்ட காற்று கண்ணாடியில் உள்ள நீரை உறிஞ்சும். டீஃபாக் பட்டன் பெரும்பாலான கார்களில் இதைத்தான் தானாகச் செய்கிறது.

வெப்பமான மழைநாளில் வெளிக்காற்று மட்டும் உதவாது. வெளியே ஈரம் நிறைந்த காற்றுதானே இருக்கிறது? அங்கே வேலை செய்வது ஏசிதான், அதை அணைத்தால் மூட்டம் இன்னும் கூடும். உள்சுழற்சியில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென மூட்டம் போடுவதும் உண்டு. கம்ப்ரசர் கொஞ்ச நேரம் நிற்கும்போது காயிலில் இருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகிக் காருக்குள் வருவதுதான் காரணம். வைப்பரைப் போட்டதும் துடைபட்டால் மூட்டம் வெளிப்பக்கம். ஏசி காற்று கண்ணாடியை வெளிக்காற்றின் பனிநிலைக்கு (ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலை) கீழே குளிர்த்துவிட்டது என்று பொருள். காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி கூட்டினால் போதும்.

புகையும் தூசியும்

கறும்புகை விடும் லாரிக்குப் பின்னாலும் சுரங்கச் சாலையிலும் உள்சுழற்சி அருமையான கருவி, நேரத்தோடு போட்டால். நாற்றம் உள்ளே வந்தபின் போட்டால் அந்தப் புகையையே அடைத்து வைத்த மாதிரி ஆகும். அப்போது லாரியைக் கடந்து நல்ல காற்று வந்ததும் வெளிக்காற்றில் விட்டு வெளியேற்றுவதே சரி. மடலுக்குப் பின்னால் ஃபில்டர் உள்ள காரில் அதே காற்று திரும்பத் திரும்ப அதன் வழியாகப் போவதால் பிஎம் 2.5 எனும் மிக நுண்ணிய துகள்கள் சில நிமிடங்களிலேயே நன்றாகக் குறையும். சாதாரணத் தாள் ஃபில்டர் தூசி, மகரந்தத்தோடு சரி. வாயுக்களும் நாற்றமும் குறைய ஆக்டிவேட்டட் கார்பன் சேர்ந்த ஃபில்டர் வேண்டும். கார்பன் மோனாக்சைடை அதுவும் பிடிக்காது.

மண்சாலையில் விஷயம் தலைகீழ். உள்சுழற்சியில் காருக்குள் அழுத்தம் உயராது, ஓட்டத்தில் வெளிப்பக்கக் காற்றழுத்தம் கதவு, டிக்கி ரப்பர் இடுக்குகளில் பொடித் தூசியை உறிஞ்ச வைக்கும். கண்ணாடிகளை ஏற்றி வெளிக்காற்றில் ப்ளோயரை உயர்த்தினால் உள்ளே அழுத்தம் கூடி, இடுக்குகளில் காற்று வெளியே போகும். தூசி ஃபில்டரில் நிற்கும். ஃபில்டர் சீக்கிரம் அடைபடும், ஆனால் இருக்கைத் துணியைவிட அதை மாற்றுவது எளிது. முன்னால் வேறு வண்டி தூசி கிளப்பிக்கொண்டு போனால் மட்டும் இடைவெளி விடுங்கள், அல்லது அந்த நேரத்துக்கு உள்சுழற்சி.

நின்ற காரில் வெளிக்காற்றில் புகைநாற்றம் வந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (இன்ஜினில் புகைக்குழாய் சேரும் இடத்து அடைப்பு) கசிகிறதா, பானெட்டின் பின்விளிம்பு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்சுழற்சியைப் போட்டுச் சமாளிப்பது ஆபத்து. இன்ஜின் ஓட, ஏசி போட்டு, நின்ற காருக்குள் தூங்கவே கூடாது. மடல் எந்த நிலையில் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு கசிந்து வரலாம், அதற்கு மணமும் கிடையாது.

நாற்றமும் பழுதும்

ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம் அடித்தால் அது கூலிங் காயிலில் வளர்ந்த பூஞ்சை. எப்போதும் உள்சுழற்சியில் ஓடி, காயில் ஈரமாகவே நிறுத்தப்படும் காரில் இது சீக்கிரம் வரும். சேரும் இடத்துக்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே ஏசியை மட்டும் அணைத்து, ப்ளோயரை வெளிக்காற்றில் ஓட விடுங்கள். இதையே பழக்கமாக்கினால் ரசாயன ஸ்பிரே தேடி அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே நாறினால் காயில் கிளீனர் நுரையைச் செலுத்த வேண்டும். அதற்கு முன் வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாமல் கிளவ் பாக்ஸ் பக்கக் கார்ப்பெட் நனைந்தால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது.

மடல் வேலை செய்கிறதா என்று சோதிக்கக் கருவி வேண்டாம். ப்ளோயரை உயர்ந்த வேகத்தில் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். உள்சுழற்சிக்குப் போனால் இரைச்சல் தெளிவாகக் கூடும். கிளவ் பாக்ஸுக்கு அடியில் காற்று உறிஞ்சும் இடத்தில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், வெளிக்காற்றுக்கு மாற்றினால் விட்டுவிட வேண்டும். பட்டன் விளக்கு மாறியும் இரண்டும் நடக்காவிட்டால் மடல் சிக்கியிருக்கிறது. டேஷ்போர்டுக்குள் டக்டக் சத்தம் கேட்டால் மடலைத் திருப்பும் ஆக்சுவேட்டர் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். வென்ட்டிலிருந்து கறுப்புத் துணுக்குகள் பறந்தால் மடலில் ஒட்டிய ஃபோம் உதிர்கிறது. சில கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் மடல் தன் நிலையை மறந்துவிடும், அதன் நிலையை மறுபடி சரியாக அமைக்க (கேலிப்ரேட் செய்ய) வேண்டும்.

ஃபில்டரை 15,000 கிலோமீட்டருக்கோ வருடத்துக்கோ ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். தூசியான இடங்களில் அதற்கும் முன்பே. மாட்டும்போது ஃபில்டர் விளிம்பில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். வைப்பருக்குக் கீழே சேர்ந்த இலைச்சருகுகளையும் அப்போதே அள்ளிவிடுங்கள்.