வீட்டுப் பட்டறைக்கு டிரில்லிங் மெஷின்: பெல்ட் மாற்றுவதா, குமிழ் திருப்புவதா?

கடையில் குமிழைத் திருப்பிக் காட்டும்போது எல்லா டிரில்லிங் மெஷினும் அழகாகத்தான் ஓடும். டிஸ்பிளேயில் 300, 800, 2000 என்று எண் ஏறி இறங்குவதைப் பார்த்தால், மூடியைத் திறந்து பெல்ட் மாற்றுகிற மெஷினை இன்னமும் யார் வாங்குகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் பிட்டுக்குக் கீழே இரும்பு இல்லை. வேகத்தைக் குறைத்த பிறகும் மெஷினுக்கு முறுக்கு விசை மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எனக்கு அதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்.

எந்த வேகம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடலாம் என்பது பொருளைப் பொறுத்தது. சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் என்றால் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பில் 25 மீட்டர் வாக்கில், எஸ்.எஸ்.-இல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 12, அலுமினியத்தில் 60-க்கு மேலேயும் போகலாம். அந்த எண்ணை 318-ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கில் பிட்டின் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வந்துவிடும். எம்.எஸ்.-இல் 3 மி.மீ. பிட்டுக்கு 2600 சுற்று, 10 மி.மீ. பிட்டுக்கு 800, 50 மி.மீ. ஹோல் சா (பெரிய துளைக்கான வட்ட ரம்பம்) போட்டால் வெறும் 160. எஸ்.எஸ். தகட்டில் அதே 10 மி.மீ. பிட்டை 380-க்கு மேல் ஓட்டினால் வெட்டாமல் உரசிச் சூடேறி, அந்த இடமே இறுகிப்போகும், பிட்டும் நீலம் பாய்ந்துவிடும். மரம் இவ்வளவு கறார் இல்லை. ஆட்டோ ஹிஞ்சுக்குப் போடும் 35 மி.மீ. குழியை 500-லும் போடலாம், 800-லும் போடலாம்.

இதை வைத்துப் பார்த்தால் ஸ்டெப் புல்லி மெஷினின், அதாவது படிப்படியாக அளவு மாறும் புல்லியில் பெல்ட்டை மாற்றி வேகம் மாற்றும் மெஷினின், குறை உடனே தெரிகிறது. நாலைந்து படி உள்ள சாதாரண பெஞ்ச் மாடலில் மிகக் குறைந்த வேகமே 450, 500 என்றுதான் இருக்கும், நடுவில் மூன்றாவது புல்லி வைத்த மாடல் என்றால் 200 வரை இறங்கும். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து, மோட்டாரைத் தளர்த்தி, பெல்ட்டை மாற்றி, மறுபடி இழுத்துப் பூட்ட வேண்டும். சோம்பேறித்தனத்தில் எல்லாத் துளையையும் ஒரே வேகத்தில் போடுகிறவர்கள்தான் அதிகம், அதற்கு விலை கொடுப்பது பிட்.

ஆனால் இந்த மெஷினுக்கு ஒரு பலம் உண்டு, அதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. அரை எச்.பி. மோட்டார், அதாவது 370 வாட், 1440-இல் சுற்றும்போது தருவது சுமார் 2.5 நியூட்டன் மீட்டர். பெல்ட் வழியாக அதை 500-க்கு இறக்கினால், உராய்வுக் கழிவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 7 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். 10 மி.மீ. பிட்டை எம்.எஸ்.-இல் நிதானமாக அழுத்தினாலே 3, 4 கேட்கும். பெல்ட்டில் இறக்கியது தாங்கும். மோட்டாரின் வேகத்தையே மின்சாரத்தால் குறைத்து 500-க்குக் கொண்டுவந்தால் அதே 2.5-தான் கிடைக்கும், பிட் கடிக்கும் இடத்தில் மெஷின் திணறி நிற்கும்.

அடுத்தது குமிழ் வைத்த எலக்ட்ரானிக் மெஷின்கள். இவற்றில் பெரும்பாலும் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், கை டிரில்லில் இருப்பது போலத்தான். நல்லதையும் சாதாரணத்தையும் பிரிப்பது உள்ளே கியர் இருக்கிறதா என்பது. போஷ் பி.பி.டி. 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 710 வாட், இரண்டு கியர், முதல் கியரில் 200 முதல் 850 வரை, இரண்டாவதில் 600 முதல் 2500 வரை, 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிட் கீழே இறங்கும் தூரம்). குறைந்த வேகத்தில் கியர் கைகொடுப்பதால் வெறும் குமிழை மட்டும் நம்பி ஓடவில்லை. எடை 11 கிலோ சொச்சம்தான், அலமாரியில் தூக்கி வைக்கலாம், அபார்ட்மெண்ட் பால்கனியில் மரவேலை செய்பவருக்கு இதைவிட வசதி வேறு இல்லை. அந்த லேசான எடைதான் குறையும்: கனமான இரும்புத் தண்டு மெஷின் போல அதிர்வை விழுங்காது. பிரஷ் மோட்டார் சத்தமும் ஜாஸ்தி, மதியத் தூக்கம் போடும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

கியரே இல்லாமல், பெயர் தெரியாத மோட்டாரும் ஒரு குமிழும் மட்டும் வைத்து மலிவாக வரும் குட்டி மெஷின்கள் பி.சி.பி. போர்டு, பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியத்துக்குச் சரி. இரும்புக்கு வேண்டாம்.

மூன்றாவது வகை நம் ஊர்க் கடைகளில் அரிது, அமெரிக்காவில் சாதாரணம். வென் 4214 மாதிரி மெஷின்களில் முன்னால் ஒரு நெம்புகோல் இருக்கும், அதை நகர்த்தினால் புல்லியின் இரண்டு பாதிகள் நெருங்கி விலகி, பெல்ட் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, 580-லிருந்து 3200 வரை இடைவிடாமல் வேகம் மாறும். நம் கியர் இல்லாத ஸ்கூட்டருக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். வேகம் குறையும்போது முறுக்கு விசை கூடுகிறது, அது பெரிய லாபம். ஆனால் 580-க்குக் கீழே இறங்காததால் ஹோல் சாவுக்கும் எஸ்.எஸ்.-க்கும் கைவிரிக்கும். மெஷின் ஓடும்போது மட்டும்தான் நெம்புகோலைத் தொட வேண்டும், நின்றிருக்கும்போது இழுத்தால் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் கேடு. பெல்ட் தேய்ந்தால் அதே அளவு பெல்ட்டைத் தேட வேண்டும், சாதாரண வி-பெல்ட் பொருந்தாது. (இதற்கும் மேலே, நியூசிலாந்தின் டெக்னாடூல் செய்யும் நோவா வாயேஜர் மாதிரி, பெல்ட்டே இல்லாமல் 50 சுற்று வரை இறங்கும் மெஷின்களும் உண்டு. அந்த விலைக்கு ஒரு பழைய லேத்தே பார்க்கலாம் என்பதால் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.)

நான் சிபாரிசு செய்வது நான்காவதை: நல்ல கனமான, கோயம்புத்தூர் அல்லது ராஜ்கோட் வகை ஸ்டெப் புல்லி மெஷின், அதில் த்ரீ பேஸ் மோட்டார், பக்கத்தில் ஒரு வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி). வீட்டில் சிங்கிள் பேஸ் இருந்தாலே போதும், 230 வோல்ட்டை வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும் சிறிய வி.எஃப்.டி.கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பெல்ட்டை மிகக் குறைந்த வேகம் தரும் படியில் போட்டுவிட்டால், 25 ஹெர்ட்ஸில் 500 என்பது 250 ஆகும், பெல்ட் ஏற்கெனவே பெருக்கிக் கொடுத்த விசை அப்படியே இருக்கும். 75 ஹெர்ட்ஸ் வைத்தால் 750, ஆனால் 50-க்கு மேலே போகப் போக விசை குறையும், சிறிய பிட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. பெல்ட்டை எப்போதாவது ஒரு தடவை மாற்றினால் போதும். டேப் போட (துளைக்குள் மரை வெட்ட) ரிவர்ஸும் கிடைக்கிறது, சக் மரையில் பூட்டியது என்றால் மட்டும் ரிவர்ஸில் கழன்றுவிடும், டேப்பரில் (கூம்பு வடிவத் தண்டில்) செருகியது என்றால் பயமில்லை.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் மோட்டார் கனெக்‌ஷன். நம் ஊர்ச் சிறிய 415 வோல்ட் மோட்டார்கள் பொதுவாக ஸ்டார் கனெக்‌ஷனில் வருபவை, 230 வோல்ட் வி.எஃப்.டி.க்கு டெல்டாவாக மாற்ற வேண்டும் (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று சுருள்களையும் இணைக்கும் இரண்டு விதம்). டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஆறு முனை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றே முனை என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளேயே இருக்கிறது, ரீவைண்டிங் கடையில் கொடுத்து வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். அப்புறம், 10 ஹெர்ட்ஸில் வெகுநேரம் ஓட்டாதீர்கள், மோட்டாரின் சொந்த விசிறியும் அதே வேகத்தில்தானே சுற்றுகிறது, சூடேறும். மெஷினின் பழைய சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கவே கூடாது, கன்ட்ரோல் முனைகளில் இணையுங்கள்.

கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு ஃபேன் ரெகுலேட்டரோ டிம்மரோ போட்டு வேகம் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகம் ஓரளவு விழுந்ததும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (வேகம் ஏறியதும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டிப்பது) மறுபடி சேர்ந்து, ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கருகுவதற்கு நேரம் ஆகாது.

மரம் மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் கியர் வைத்த எலக்ட்ரானிக் மெஷினே போதும். கேட், கிரில், பிராக்கெட் என்று எம்.எஸ்.-இல் ஒரே அளவுத் துளை போடுபவருக்கு சிங்கிள் பேஸ் ஸ்டெப் புல்லி, மிச்சக் காசில் நல்ல வைஸ். எல்லாமும் கலந்து செய்பவருக்குத்தான் வி.எஃப்.டி. செலவு நியாயம்.

எதை வாங்கினாலும், கடையில் குமிழைத் திருப்புவதற்கு முன் குயிலை (சக்கோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் குழாயை) முழுவதும் கீழே இறக்கி, சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிறகு நேரான ஒரு கம்பியைச் சக்கில் பூட்டிக் கையால் சுற்றி, நுனி வட்டமடிக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கே ஆட்டம் தெரிந்தால் எத்தனை வேகம் இருந்தாலும் பயனில்லை, அடுத்த மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.