திட்டப்பணி மூலம் டெவலப்பர் தேர்வு: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

புதிர்க் கேள்விகளுக்குப் பதிலாக ஒரு சிறு திட்டப்பணியையே தேர்வாக வைக்கும் இணையச் சேவை ஒன்றை, எங்கள் குழுவுக்கு பேக்எண்ட் (சர்வர் பக்க) டெவலப்பர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். பைனரி ட்ரீ என்னும் கிளைவடிவத் தரவமைப்பைத் திருப்பிப்போடச் சொல்லும் பழைய முறையில் தேறி வந்த சிலர், பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை காணத் திணறியதைப் பார்த்த பிறகே இந்த வழிக்கு வந்தோம்.

தேர்வருக்கு, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் இருக்கை முன்பதிவுச் செயலி ஒன்றின் ரெப்போ (நிரல் கோப்புகளின் தொகுப்பு) தரப்படுகிறது. 3 மணி நேரத்துக்குள் அதிலுள்ள ஒரு பிழையைச் சரிசெய்து, ஒரு சிறு வசதியையும் சேர்க்க வேண்டும். எடிட்டர், டெர்மினல், டேட்டாபேஸ் அனைத்தும் பிரௌசரிலேயே தயாராக இருப்பதால், நிறுவும் வேலையில் ஒருவருக்கும் நேரம் வீணாகவில்லை.

கடைசி இருக்கையை இருவர் ஒரே கணத்தில் கேட்டால் இருவருக்கும் அது கிடைத்துவிடுகிறது என்பதுதான் அந்தப் பிழை. ஒருவர், பதிவுசெய்வதற்கு முன் இருக்கை காலியா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையை மட்டும் சேர்த்தார். பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையிலுள்ள இடைவெளி அப்படியே இருந்தும், தானியங்கி முறை அவருக்கு 92 மதிப்பெண் வழங்கியது. இன்னொருவர், பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் டெஸ்ட் ஒன்றை முதலில் எழுதி, அது தோற்பதைப் பார்த்து, அதன் பிறகு டேட்டாபேஸிலேயே, ஒரே இருக்கை இருமுறை பதிவாவதைத் தடுக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டு வாசலை அடைத்தார். பிழைச் செய்தியின் சொற்கள் தேர்வருக்குக் காட்டப்படாத தானியங்கி டெஸ்ட் எதிர்பார்த்தபடி அமையவில்லை என்பதற்காக அவருக்குக் கிடைத்தது 61. நிரலில் அவர் படிப்படியாகச் செய்த மாற்றங்களின் பதிவான கமிட் வரலாற்றைத் திறந்து பார்த்திராவிட்டால் அவரை இழந்திருப்போம். அந்த வரலாற்றை நிமிட வாரியாகக் காட்டும் பக்கம்தான் இந்தச் சேவையின் உண்மையான பலம். அதை ஏனோ அறிக்கையின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

சேவையின் விளம்பரம், செயல்முறைத் தேர்வே பணித்திறனை மிகச் சிறப்பாகக் கணிக்கும் என்கிறது. 1998இல் ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் வெளியிட்ட தொகுப்பாய்வு இத்தகைய தேர்வுகளுக்கு 0.54 என்ற உயர்ந்த தொடர்புக் கெழுவை (1ஐ நெருங்க நெருங்கக் கணிப்பு வலுவானது) அளித்தது உண்மைதான். ஆனால் 2022இல் சாக்கெட் குழுவினரின் மறுகணக்கீட்டில் அது 0.33 ஆகக் குறைந்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 உடன் முன்னே சென்றுவிட்டது. எங்கள் அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது: எழுதியவரையே அழைத்து, அவருடைய நிரலை எதிரில் வைத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அரை மணி நேரம் கேட்ட பிறகே தெளிவு பிறந்தது. ஏஐ கருவி எழுதித் தந்ததை அப்படியே ஒட்டியவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறினார்கள்.

வேலையிலும் குடும்பத்திலும் நேரம் பிழிபடுபவர்களுக்கு 3 மணி நேரத்தை ஒரே அமர்வில் ஒதுக்குவது எளிதன்று. இடையில் நிறுத்தித் தொடரும் வசதி இல்லாததால், நல்ல அனுபவமுள்ள இருவர் பாதியிலேயே விலகிக்கொண்டனர். வசதி கேட்டு நாங்கள் அனுப்பிய கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. சந்தாவை இன்னொரு காலாண்டுக்கு நீட்டித்திருக்கிறோம், ஆனால் மதிப்பெண் பத்தியை மதிப்பீட்டாளர்களின் திரையிலிருந்து மறைத்துவிட்டோம்.